இடது காலைச் சிக்கனமாய்ச் செலவழித்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வலி வந்த இடம் இடது கெண்டைக்கால். ஆனால் அவர் மானம் போன இடம் பெண்கள் உள்ளாடைக் கடை வாசல்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீசுக்கு நடக்கும்போது மருந்துக் கடை, சாவிக் கடை, வங்கி எல்லாவற்றையும் கால் மரியாதையாகத் தாண்டிவிடும். அந்தக் கடைக் கண்ணாடியை நெருங்கியதும்தான் கெண்டைக்கால் சதையை யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்க ஆரம்பிப்பார்கள். நின்றால் விட்டுவிடும். அதனால் நின்றார். தினமும் நின்றார். நடைபாதையில் சும்மா நிற்கிற ஆளை உலகம் ஒரு மாதிரியாகப் பார்க்குமே என்று கண்ணாடிப் பக்கம் திரும்பி, உள்ளே இருக்கிற சரக்கை நோட்டம் விடுவதுபோல் நின்றார். உலகம் இன்னும் ஒரு மாதிரியாகப் பார்த்தது. விற்பனைப் பெண் முதல் வாரம் சிரித்தாள். அடுத்த வாரம் முறைத்தாள். அதற்கடுத்த வாரம், கடைக்குச் சரக்கு இறக்க வந்த வேன் டிரைவரிடம் ஆளைக் காட்டி முறையிட்டாள்.

அந்த வேன் டிரைவர், மெக்கானிக் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இதைவிட வேகமான தபால் கிடையாது.

மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். அன்று மாலை மெக்கானிக் பூட்ஸைக் கழற்றும்போது தையல் மெஷின் நின்றது. அந்த மெஷின் மின்சாரம் போனால் மட்டுமே நிற்கும்.

"ஏங்க, கண்ணாடி வழியா பார்த்தா அளவு தெரியாதாம். வேணும்னா உள்ள வந்து கேட்கச் சொன்னாங்களாம்."

மெக்கானிக் காலைக் காட்டினார். வலியைச் சொன்னார். அவள் நம்பவில்லை. மொட்டைமாடிவரை ஏறச் சொல்லிப் பின்னாலேயே ஏறினாள். பாதிப் படியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். நம்பியதும் அழுதாள். வேறு பெண் விவகாரமாக இருந்தால் சண்டை போட்டாவது ஒரு வழி பண்ணியிருக்கலாம். காலோடு எப்படிச் சண்டை போடுவது?

டாக்டர் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார். இரண்டு இடத்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவருக்குப் பிடிக்கவில்லை. காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார். சிகரெட்டை இன்றோடு விட வேண்டும் என்றார். தினமும் நடக்க வேண்டும், வலிக்கிறவரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும் என்றார். பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்றார். நடுவில் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, மருந்துச் சீட்டில் கிறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அலட்சியமா இருந்தா காலை எடுக்க வேண்டி வரும்."

மற்ற வாக்கியங்களெல்லாம் மெக்கானிக்கின் காது வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இது மட்டும் வரிசையை மதிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

வெளியே வந்ததும் அவர் முதலில் செய்தது, ஆஸ்பத்திரி வாசலுக்கே ஆட்டோ கூப்பிட்டதுதான். பஸ் நிறுத்தம் எதிரில்தான் இருக்கிறது, நடக்கத்தானே சொன்னார் என்றாள் மனைவி. அது டாக்டர்களின் வாய்ப்பழக்கம் என்றார் மெக்கானிக். கதவில் சாயாதீர்கள் என்று எல்லா லிஃப்டிலும் எழுதி ஒட்டுவதுபோல, வருகிறவர்கள் எல்லோரிடமும் நடக்கச் சொல்வார்கள். காரியமாகச் சொன்னது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

கால் போனால் என்ன ஆகும் என்பதை அவர் ஆட்டோவிலேயே முழுசாகப் பார்த்துவிட்டார். லிஃப்ட் கூரைமேல் ஏறி நிற்க முடியாது. குழிக்குள் இறங்க முடியாது. ஒற்றைக் கால்காரனை எந்தக் கம்பெனியும் மெஷின் ரூம் ஏணியில் ஏற்றாது. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். கயிறு அறுந்த லிஃப்டுபோல் ஆட்டோ கீழே போய்க்கொண்டே இருந்தது. தரை வரவே இல்லை. எப்பாடுபட்டாவது இந்தக் காலைக் காப்பாற்றிவிடுவது என்று அந்த ஆட்டோவில் அவர் முடிவெடுத்தார். அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் அந்த முடிவுக்காகத்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நோய் என்னவென்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. விளக்கமும் அவருக்குத் தேவைப்படவில்லை. கைவசமே ஒன்று இருந்தது. லிஃப்டைத் தாங்குகிற ரோப் ஒரே கம்பி இல்லை, பல மெல்லிய கம்பிகள் சேர்ந்த முறுக்கு. ஓட ஓட, கப்பியில் வளைந்து வளைந்து, கம்பி ஒவ்வொன்றாக அறும். அறுந்தது அறுந்ததுதான். புது ரோப் வரும்வரை நல்ல மெக்கானிக் என்ன செய்வான்? ஓட்டத்தைக் குறைப்பான். சாமானை ஏற்றாதே, சும்மா ஏறி இறங்காதே என்பான். கெண்டைக்காலில் அந்தக் கடை வாசலில் வருகிற வலி என்ன? ஒரு கம்பி அறுகிற வலி. டாக்டர் நடக்கச் சொன்னால் நடப்பதா? காலுக்குப் புது ரோப் எங்கே விற்கிறது?

ஆக, ஓட்டத்தைக் குறைத்தார்.

கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடிப் புகார் போன் எடுக்கிற நாற்காலியை வாங்கினார். கூட வேலை செய்கிற ஒருவர் பைக்கில் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கினார். வீட்டில் கட்டில் கூடத்துக்கு வந்தது. தண்ணீர்க் குடம் கட்டிலருகே வந்தது. கழிப்பறை மட்டும் வர மறுத்தது. அதற்குப் போகிற நடையை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். இவ்வளவு ஒழுக்கமான நோயாளியை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். பார்க்கவும் இல்லை, மறுபடி வரச் சொன்ன தேதிக்கு அவர் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நீளமான வராந்தா இருந்தது.

சிகரெட் விஷயத்தில் மட்டும் தகராறு. விடச் சொன்னாரே என்று மனைவி பெட்டியை ஒளித்து வைத்தாள், பால்கனியிலிருந்து வீசினாள், ஒரு தடவை ஊறவே வைத்தாள். சிகரெட் புகை போகிற இடம் நுரையீரல், படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் சுத்தமாக இருந்தது, கெண்டைக்கால் மூச்சு விடுவதில்லை என்பது மெக்கானிக்கின் வாதம். வாதத்தில் ஓட்டை இல்லை. முழுவதுமே ஓட்டை என்பதால் தனியாக ஒன்று கண்ணில் படவில்லை. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டுமே, முன்பைவிட இரண்டு கூடவே பிடித்தார்.

எல்லாவற்றுக்கும் மேல், வலி போய்விட்டது. நடந்தால்தானே வலி? அவர் நடப்பதே இல்லை. வைத்தியம் பலித்துவிட்டது என்று ஆபீசில் எல்லோரிடமும் சொன்னார்.

இதற்கு நடுவில் மச்சான் வந்தார். மச்சானுக்குப் போன வருடம்தான் இதயத்தில் அடைப்பு எடுத்து, ஸ்டென்ட் என்கிற கம்பிக் குழாய் வைத்திருந்தார்கள். வேன் டிரைவராதலால் அவருடைய விளக்கம் சாலை வழியாக வந்தது. குறுகலாக இருந்த ரோட்டை அகலப்படுத்தியாகிவிட்டது. இனி எவ்வளவு வண்டி வேண்டுமானாலும் போகலாம். அதன்படி மாத்திரையை நிறுத்திவிட்டு, எண்ணெயில் பொரித்ததை ஒரு பொட்டலம் மடியில் வைத்துக்கொண்டுதான் எங்கேயும் உட்காருவார். இரண்டு பேரும் சேர்ந்தால் மனைவிக்குத் தலை சுற்றும். ஒருவருக்கு உட்காராதே என்று சொல்ல வேண்டும், இன்னொருவருக்குத் தின்னாதே என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் கண்ணுக்கும் அவள் வெறும் பள்ளிச் சீருடை தைக்கிறவள், அவள் பேச்சு எடுபடாது.

"மாப்பிள்ளை, என்னோடது நெஞ்சு. பெரிய டிபார்ட்மெண்ட். உன்னோடது வெறும் காலு. தைரியமா இரு," என்றார் மச்சான், பொட்டலத்தை நீட்டியபடி.

"வெறும் காலா? உங்க நெஞ்சை வச்சு ஏணி ஏறிப் பாருங்க மச்சான்," என்றார் மெக்கானிக்.

மனைவி இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோனாள். சமையலறையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. மச்சான் குரலைத் தாழ்த்தி, அழறாளா தின்கிறாளா என்று கேட்டார்.

மழைக்காலம் வந்தது. இடது பாதம் சில்லிட்டுப்போனது. வலது பாதம் மனிதப் பாதமாக இருக்க, இடது பாதம் மட்டும் பாத்திரக் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. மெக்கானிக் பயந்தார். பயந்த இடத்தில் தொழில் வந்து கைகொடுத்தது: குளிரில் ரோப்புக்குப் போட்ட கிரீஸ் இறுகிவிடும், இளக்க வேண்டும். ரப்பர் பையில் கொதிக்கிற வெந்நீர் ஊற்றிப் பாதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார். நடக்கச் சொல்லிக் கெஞ்சிக் கெஞ்சித் தோற்றுப்போயிருந்த மனைவிக்கு, தன் கையால் இந்தக் காலுக்கு ஏதாவது செய்ய ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பைக்கு மெத்தென்று ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். சாயங்காலமானால் அவளே வெந்நீர் வைத்தாள். சூடு போதுமா என்று கேட்பாள். போதவில்லை என்பார் அவர். அவருக்குச் சூடே தெரியவில்லை. ரத்தம் சரியாகப் போகாத பாதத்துக்குச் சூடு உறைக்காது, ஆனால் வேகும் என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது.

ஒருநாள் உறையை நகர்த்தியபோது சுண்டு விரலில் கொப்புளம் இருந்தது. வலிக்கவில்லை. வலிக்காத புண்ணெல்லாம் ஒரு புண்ணா என்று மெக்கானிக் அதன்மேல் காலுறையை ஏற்றிவிட்டார். அவளிடம் சொன்னால் தன் கையால் வைத்த வெந்நீர் என்று உட்கார்ந்து அழுவாள். அவள் அழுகையை மிச்சம் பிடித்தார்.

அவளை மாற்றியது அந்தக் கொப்புளம் இல்லை, அது அவளுக்குத் தெரியாது. அவர் கால்சட்டையைப் பிடித்துத் தைக்கக் காலை அளவெடுத்தபோது, ஒரு கால் மற்றதைவிட அளவு குறைந்திருந்ததைப் பார்த்தாள். அளவெடுக்கிறவள் கண் தப்பு பண்ணாது. இடது கெண்டைக்கால் சூம்பிக்கொண்டிருந்தது. துணியைக் கீழே போட்டுவிட்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கெஞ்சுகிற குரல் தீர்ந்துபோயிருந்தது.

"அந்த ஆஸ்டல் லிஃப்டு ஞாபகம் இருக்கா? லீவு முழுக்கப் பூட்டி வச்சிருந்தாங்களே. நீங்க கரியைப் பூசிட்டு வந்து என்ன கத்து கத்துனீங்க? ஓட்டிக் கெட்ட லிஃப்டை விட ஓட்டாம கெட்டதுதான் அதிகம்னு. பிரேக்கு ஒட்டிக்கிச்சு, ரோப்பு ஒரே இடத்துல வளைஞ்சு துருப்பிடிச்சிடுச்சுன்னு. அந்த வார்டன் சிக்கனம்னு பூட்டினாரு. நீங்க என்னங்க பண்ணிட்டு இருக்கீங்க?"

மெக்கானிக் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். டாக்டர் சொன்னது, பெண்டாட்டி அழுதது, எதுவும் நுழையாத காதுக்குள் அந்த ஆஸ்டல் லிஃப்ட் ஏறி உள்ளே வந்து நின்றது. அந்த வார்டனை அவர் முட்டாள் என்று திட்டியிருந்தார். எழுத்தில் கூடப் புகார் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலையிலிருந்து நடந்தார். சாதாரணமாக மதம் மாறினவன்கூட அவ்வளவு தீவிரமாக இருக்க மாட்டான். குடியிருப்பைச் சுற்றி நடந்தார், வலித்ததும் நின்றார், போனதும் நடந்தார். பைக் வேண்டாம் என்றார். அந்தக் கடைக் கண்ணாடிக்கு எதிரே வலி வந்தபோது திரும்பாமல் தெருவைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். சில வாரங்களில் வலி அந்தக் கடையைத் தாண்டி, பக்கத்து மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் குடிபோனது. மெக்கானிக் வீட்டுக்கு வந்து, பரீட்சை பாஸ் பண்ணின பையன்போல் அதைச் சொன்னார். மனைவி சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. அன்றைக்குச் சிகரெட்டைக்கூடப் பாதியில் அணைத்தார்.

பூட்ஸுக்குள், காலுறைக்குள், சுண்டு விரல் ஒவ்வொரு நடைக்கும் தேய்ந்துகொண்டிருந்தது. நடக்கச் சொன்ன டாக்டர் பாதத்தையும் பார்க்கச் சொல்லியிருந்தார். மெக்கானிக் ஒரு நேரத்தில் ஒரு உத்தரவுக்குத்தான் கீழ்ப்படிவார்.

வீட்டில் கெட்ட வாடை வந்தபோது எலி செத்துக் கிடக்கிறது என்று மனைவி அலமாரியை நகர்த்தினாள். கட்டிலை நகர்த்தினாள். தையல் மெஷினுக்கு அடியில் தேடினாள். கடைசியில் முழங்காலிட்டபடியே நகர்ந்து அவர் பாதத்துக்கு எதிரே வந்து சேர்ந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளே காலுறையை உரித்தாள். துணியோடு ஏதோ கூட வந்தது. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் கரிக்கட்டையாக இருந்தன.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"வெந்நீர் வச்சப்போ," என்றார். சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அதே டாக்டர். பாதத்தைப் பார்த்தவர் இந்த முறை போனை எடுக்கவில்லை.

"இந்தப் புண்ணை வச்சுக்கிட்டு யாரு உங்களை நடக்கச் சொன்னது?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். மனைவி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். அங்கே அவர் கையெழுத்திலேயே இருந்தது. புண் இல்லாதபோது நடக்க வேண்டும், புண் வந்தால் பாதத்தை ஊன்றவே கூடாது என்று இப்போது சொன்னார். நடக்க வேண்டிய காலமெல்லாம் உட்கார்ந்திருந்து, உட்கார வேண்டிய காலத்தில் நடந்திருக்கிறோம் என்று மெக்கானிக்குக் கணக்கு நேரானது. மறுநாள் காலை, தொடை இடுக்கு வழியாகக் கம்பி விட்டு ரத்தக்குழாயைத் திறந்து பார்ப்பார்கள். இரண்டு விரலை எடுப்பார்கள். பாதத்துக்கு ரத்தம் வந்து சேர்ந்தால் அதோடு போகும். சேராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுப்பார்கள்.

வார்டில் கட்டு மாற்ற வந்த நர்ஸை மெக்கானிக் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார்.

"சிஸ்டர், எனக்கு எதையும் உவமானம் சொல்லாதீங்க. நானே நிறைய வச்சிருந்தேன். இந்தக் காலுக்குள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் வேலையை நிறுத்தாமலே சொன்னாள். ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்புப் படிந்து தடித்துவிட்டது. சிகரெட்டில் இருக்கிறது நுரையீரலோடு நிற்காது, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றி எல்லாச் சுவரையும் கெடுக்கும். நடக்கும்போது சதைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், கிடைக்காததால் வலிக்கும். எதுவும் அறுவதில்லை. விடாமல் நடந்தால் பக்கத்துச் சிறு குழாய்கள் பெருத்து வழிவிடும், சதை இருக்கிற ரத்தத்தை வைத்து ஓட்டப் பழகும். கடையைத் தாண்டி வலி நகர்ந்தது அதனால்தான். அவ்வளவுதான். ஒரு கட்டு மாற்றுகிற நேரம்கூட ஆகவில்லை.

அந்த நேரத்தில் மச்சான் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவர் கையில் இன்று பொட்டலம் இல்லை.

"அப்ப நெஞ்சுல வர்றது?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒரே வியாதிதாங்க. இடம்தான் வேற. உங்களுக்குக் கம்பி வச்சிருக்கா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

மச்சான் மெக்கானிக்கின் காலுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான்மேல் கையை வைத்து, உள்ளே இருப்பது இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அழுத்திக்கொண்டார். வெறும் காலு என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் மெக்கானிக்கை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்டில் ஏற்றியபோது மெக்கானிக் பழக்கதோஷத்தில் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, இது என் வேலையில்லை என்று கண்ணை மூடிக்கொண்டார். மனைவி வெளியே உட்கார்ந்திருந்தாள். கை ரேகையெல்லாம் ரப்பர் பையின் சூடு இருப்பதுபோல் அவளுக்கு எரிந்தது. மச்சான் ஆஸ்பத்திரிக் கடையில் மாத்திரை வாங்கி, தண்ணீர்கூட இல்லாமல், அவள் பார்க்கும்படி விழுங்கினார். அவள் பார்க்கவில்லை.

மெக்கானிக் திரும்பி வந்தபோது பாதம் கட்டுக்குள் இருந்தது. இரண்டு விரல் இல்லை. குழாய் திறந்திருக்கிறது, ஆனால் ரத்தம் பாதம்வரை வந்து நிற்கிறதா என்பது பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். எப்படிப் பார்ப்பது என்று நர்ஸ் மனைவிக்குக் காட்டிக் கொடுத்தாள். கட்டுக்கு வெளியே தெரிகிற பெருவிரலை அழுத்த வேண்டும். தோல் வெளுக்கும். விட்டதும் சிவப்புத் திரும்ப வேண்டும். சீக்கிரம் வந்தால் நல்லது.

அவள் அழுத்தினாள். வெளுத்தது. விட்டாள்.

மெக்கானிக்கால் தலையைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வந்துச்சா?"

வெளுப்பு அப்படியே இருந்தது. அவள் தன் கட்டைவிரலை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். அது உடனே சிவந்தது. திரும்ப அவர் விரலைப் பார்த்தாள். ஓரத்தில் லேசாக நிறம் மாறியதுபோல் இருந்தது. ஜன்னல் வெளிச்சமாகவும் இருக்கலாம். போய் ஜன்னல் திரையை இழுத்து விட்டுவிட்டு வந்தாள்.

"சொல்லேன். வந்துச்சா?"

"வந்துட்டு இருக்கு," என்றாள். பிறகு பொய் சொல்லவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள, குனிந்து மறுபடி அழுத்தினாள்.